உடல் இளைக்க ஒரு டப்பா!

சென்ற ஆவணி மாதம் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். நெருங்கிய உறவு, தட்ட முடியாது. பந்தியில் என் மைனியும் அவருடைய மகளும் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி நான் இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. பருப்பும் நெய்யும் பப்படமும் தொடங்கி, அவியல், எரிசேரி, இஞ்சிக்கறி என்று இலை நிறைந்து, கடைசியில் அடைப்பிரதமனும் மட்டிப்பழமும் வந்து நிற்கிற இடத்தில், சாதாரண மனிதன் வைராக்கியத்தை இழப்பது இயல்பு. ஆனால் அந்தப் பெண் ஒரு கைப்பிடிச் சோற்றோடு நிறுத்திக்கொண்டு, இலையைப் பார்த்தபடி சும்மா இருந்தது.

"என்ன மக்களே, பாயசம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சித்தப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டது.

மைனி முந்திக்கொண்டார். "அவளுக்கு இப்பம் பத்தியம் தம்பி. காலையில வெறும் வயித்துல ஒரு பொடி, சாப்பாட்டுக்குப் பொறவு ஒரு பொடி. எல்லாம் நல்ல கிருமியாம். உள்ளே போய்க் கொழுப்பைத் தின்னுருமாம்!"

சொன்னதோடு நிற்காமல், கைப்பையிலிருந்து ஒரு டப்பாவையும் பிளாஸ்க்கையும் எடுத்து, ஆவி பறக்கும் வெந்நீரில் பொடியைக் கலக்கிப் பெண்ணிடம் நீட்டினார். அந்தச் சமயம் பார்த்து மோர் வந்தது. பெண் தம்ளரை நீட்டப் போனது. மைனி கையால் மறித்துவிட்டார். "மோரு வேண்டாம், உடம்பு போடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விஷயம் சிரிப்பதற்கு உரியதன்று என்று பிறகு தெரிந்தது. பெண்ணுக்கு வயது 24. கம்பெனி ஒன்றில் வேலை. காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வழியில்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பெண் சற்றுப் பூசினாற்போல இருக்கிறது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம். மூன்றாவதாக வந்தவர்களுக்கு அந்த மரியாதையும் இல்லை. அதன் பிறகுதான் டப்பா வீட்டுக்குள் வந்தது.

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு விலை 1,800 ரூபாய். முகப்பில் இடுப்பு ஒடிந்த ஓர் அழகியின் படம். எத்தனையோ நூறு கோடி உயிருள்ள நுண்கிருமிகள் உள்ளே இருப்பதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் கண்ணுக்கு எட்டாத ஆங்கில எழுத்தில் இரண்டு வரிகள். ஒன்று, வெந்நீரில் கலக்கக் கூடாது என்பது. மற்றொன்று, இது மருந்தாக உபயோகிப்பதற்கு அன்று என்பது. ஆகவே மைனி கலக்கிக் கொடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை வயிற்றைச் சேருமுன் தம்ளரிலேயே மோட்சம் அடைந்திருக்கும்!

கிருமிக்கு வந்த யோகம்

கிருமி என்றாலே காலராவும் டைபாய்டும் நினைவுக்கு வந்த காலம் போய், அதைக் காசு கொடுத்து வாங்கி விழுங்கும் காலம் வந்திருக்கிறது. இதற்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்வதானால் ரஷ்யப் பேரரசில் பிறந்த மெட்சினிகாஃப் என்ற விஞ்ஞானியைச் சொல்ல வேண்டும். பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். 1908-ம் வருஷம் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரியக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்று அவர் கருதினார். தாமும் அதை விடாமல் அருந்தி வந்தார். 1916-ல், 71-வது வயதில் காலமானார். ஜப்பானில் டாக்டர் ஷிரோட்டா என்பவர் 1930-ல் ஒரு லாக்டோபாசில்லஸ் இனத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935-ல் அது பானமாகக் கடைக்கு வந்தது. இவ்விருவரும் நினைத்தது வயிற்றின் நலத்தையும் நீண்ட ஆயுளையும்தான். உடல் இளைப்பதைப் பற்றி அப்போது பேச்சில்லை.

புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு 2001-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு இலக்கணம் வகுத்தது. உயிரோடு இருக்க வேண்டும். போதிய அளவில் உட்கொள்ளப்பட வேண்டும். உட்கொண்டவருக்கு ஒரு நன்மை செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் செல்லாது. இந்த இலக்கணப்படி, கொதிக்க வைத்த புளிசேரி புரோபயாட்டிக் ஆகாது. ஆவியில் வெந்த இட்டலியும் ஆகாது. மாவு புளிக்கும்போது உயிரோடிருந்தவை இட்டலிக் கொப்பரையில் மாண்டுபோகின்றன. இட்டலி நல்ல ஆகாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வேறு காரணங்களால்.

உடல் பருமனுக்கும் குடல் கிருமிக்கும் முடிச்சுப் போட்டது எலிகளின் கதை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிச்சாலையில், கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பருத்த எலியின் குடல் கிருமிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெலிந்த எலியின் கிருமிகளைப் பெற்றவற்றைவிட இவற்றுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. இது 2006-ல் வெளியாயிற்று. 2013-ல் அதே ஆராய்ச்சிச்சாலையார் இன்னும் விசித்திரமான காரியம் செய்தார்கள். ஒருவர் பருத்தும் ஒருவர் மெலிந்தும் இருந்த இரட்டைப் பிறவிகளின் குடல் கிருமிகளைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருத்தவரின் கிருமிகளைப் பெற்ற எலி பருத்தது. மெலிந்தவரின் கிருமிகளைப் பெற்றது மெலிந்தே இருந்தது. இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்தபோது, மெலிந்த எலியின் கிருமிகள் பருக்க வேண்டிய எலியின் குடலிலும் குடியேறி அதைப் பருக்கவிடாமல் தடுத்தன.

இவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள்தான் டப்பா விற்கிறவர்கள். அந்த ஆராய்ச்சியின் மற்றொரு பாதியை அவர்கள் சொல்வதில்லை. கொழுப்புக் குறைந்து பழமும் காய்கறியும் மிகுந்த தீனி கொடுத்தபோதுதான் அந்த நல்ல கிருமிகள் குடியேறின. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனியில் அவற்றுக்குக் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை. உழாத வயலில், தண்ணீர் கட்டாமல் விதை நெல்லை வீசினால் என்ன ஆகும் என்று நம் ஜில்லாவில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொடி என்பது விதை. புரோட்டாவும் பொரித்த கோழியும் ராத்திரி பத்து மணிக்கு விழும் வயிறு என்பது வயல்.

கிராமுக்கு ஒன்பது ரூபாய்

எலி கிடக்கட்டும், மனிதனுக்கு என்ன ஆயிற்று? பருமன் உள்ளவர்களுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துச் செய்த 15 பரிசோதனைகளை ஒன்று சேர்த்து 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மொத்தம் 957 பேர். மூன்று வாரம் முதல் 12 வாரம் வரை உட்கொண்டார்கள். வெறும் பொடியை உட்கொண்டவர்களைவிட இவர்கள் கூடுதலாக இழந்த எடை சராசரி 600 கிராம். ஆம், கிலோவன்று; கிராம்தான். மைனியின் கணக்குக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு 5,400 ரூபாய். அதற்கு 600 கிராம் என்றால் கிராமுக்கு 9 ரூபாய். ஏலக்காய் இதைவிட மலிவு!

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 2010-ல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒரு குறிப்பிட்ட கிருமியினம் சேர்த்த புளித்த பாலை 87 பேரைக் கொண்டு 12 வாரம் சோதித்தபோது, அதைக் குடித்தவர்களின் அடிவயிற்று உட்கொழுப்பு சுமார் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தது. கனடாவில் 2014-ல் வெளியான மற்றொன்றில் 125 பேர். பெண்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது, ஆண்களுக்கு வித்தியாசமில்லை. அவர்கள் எல்லாரும் கூடவே ஆகாரக் கட்டுப்பாட்டிலும் இருந்தவர்கள். ஆகவே அடியோடு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜப்பானில் பலன் தந்த கிருமி வேறு, கனடாவில் பலன் தந்தது வேறு, மைனியின் டப்பாவில் இருந்தது வேறு. நெல் எல்லாம் ஒன்றா? கட்டிச்சம்பா விளையும் என்று கேட்டு அம்பை 16 விதையை வாங்கி வந்து போட்டால் கட்டிச்சம்பாவா முளைக்கும்? கிருமியிலும் இனத்துக்கு இனம் குணம் வேறு. ஒன்று செய்த காரியத்தைக் காட்டி மற்றொன்றை விற்பது வியாபாரம், வைத்தியமன்று.

பாட்டா மெலிந்தது எதனால்?

இதை ஒரு நாள் அதிகாலையில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கப் பக்கம் நடக்கப் போனபோது சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வந்த அண்ணாச்சி ஒருவர் பிடித்துக்கொண்டார். "டப்பா எதுக்கு? நம்ம பழஞ்சி இருக்கே! எங்க பாட்டா எண்பது வயசு வரைக்கும் பழஞ்சிதான் குடிச்சாரு. வயிறுன்னு ஒண்ணு அவருக்கு இருந்ததை யாரும் பார்த்ததில்லை" என்றார். இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தால் இந்த உபதேசம்தான் மூலைக்கு மூலை கேட்கிறது.

எனக்கும் பழஞ்சி பிடிக்கும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த புழுங்கலரிசிச் சோறு, கொஞ்சம் தயிர், உப்பு, சின்ன உள்ளி, நசுக்கிய காந்தாரி மிளகாய், முந்தின நாளைய சாளை மீன் குழம்பு. இதற்கு ஈடான காலை ஆகாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ராத்திரியில் அந்தச் சட்டியில் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகுவதும் உண்மை. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு சுலபத்தில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவதும் உண்மை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில், குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராயும் முயற்சி 2021-ல் செய்தித்தாள்களில் வந்தது. நல்ல முயற்சி. ஆனால் அது குடல் அழற்சிக்கு; தொப்பைக்கு அன்று. இதற்குள், ஒரே ராத்திரியில் சோற்றில் இரும்புச் சத்து இருபது மடங்காகிறது என்றும் ஒரு கதை கிளம்பியிருக்கிறது. இரும்பு ஒரு மூலப்பொருள். சட்டிக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அது கோழியன்று. இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக ஏற்றுக்கொள்ளப் புளிப்பு உதவலாம்; அவ்வளவே.

அண்ணாச்சியின் பாட்டாவை மெலிய வைத்தது பழஞ்சியன்று; மண்வெட்டி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு பூ. விடியுமுன் ஏர் பூட்டி, வரப்பு வெட்டி, நாற்றுச் சுமந்து, அறுப்புக் களத்தில் கட்டடித்து, சாயங்காலம் வடசேரிச் சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வந்த தேகம் அது. ஒரு சட்டிப் பழஞ்சி என்ன, மூன்று சட்டி குடித்தாலும் மாலைக்குள் கரைந்துவிடும். பேரன் அதே சட்டியைக் காலி செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி, அலுவலக மாடிக்கு லிஃப்டில் போகிறார். சோறு புளித்துவிட்டால் அதன் கலோரிக் கணக்கு புளித்துப்போவதில்லை.

மேலும், அந்தக் காலத்து மெலிவையெல்லாம் ஆரோக்கியம் என்று நினைப்பதும் பிசகு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாமர்வெல் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன கோஷ்டிகளில் ஒருவர். இந்தத் தென் திருவிதாங்கூர்ப் பிரதேசத்தில் அவர் கத்தியெடுத்ததில் பெரும்பங்கு குடற்புண்ணுக்காக. ஜனங்கள் உண்ட சத்தில்லாத ஆகாரத்தோடு அந்த நோயைச் சம்பந்தப்படுத்தி அவர் யோசித்திருக்கிறார். மரச்சீனிக் கிழங்கைத் தின்று பசியாற்றிய வயிறுகள் அவை. அந்த மெலிவு மறுபடியும் வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21-ல் 40.4 பேர். ஆண்கள் 28.2-லிருந்து 37-க்கு வந்துவிட்டார்கள். நாலைந்து வருஷத்துக்குள் இத்தனை பேருக்கும் ஒருசேரச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று சொல்வது மூடத்தனம். வயல் வீட்டுமனையாயிற்று. நடை வண்டியாயிற்று. அரிசி குறையவில்லை, எண்ணெயும் சீனியும் மைதாவும் அதன் மேல் ஏறின. இதில் தனிமனிதன் குற்றம் எத்தனை பங்கு? ஆனால் பந்தியில் தலை குனிந்து உட்காருவதென்னவோ தனி மனிதர்தான், அதிலும் பெண்.

சட்டமும் ஒரு சந்தும்

மருந்துகளைப் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. உடல் பருமன் அந்தப் பட்டியலில் இருக்கிறது! அப்படியானால் டப்பா எப்படி விற்கிறது? அது மருந்து என்ற பெயரில் வருவதில்லை. உணவு என்ற பெயரில் வருகிறது. 2016-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள், மருந்தாக உபயோகிப்பதற்கு அன்று என்று அச்சிடும்படி கட்டளையிடுகின்றன. அவர்களும் அச்சிட்டுவிடுகிறார்கள், ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில். முகப்பில் அழகியின் இடுப்பு வாய் திறவாமல் மருந்து விளம்பரத்தைச் செய்கிறது. மீதியைக் கடைக்காரர் வாயால் செய்கிறார். அந்த ஒரு வரியைத் தமிழில், விலையை அச்சடிக்கிற அளவு எழுத்தில், முகப்பிலேயே போட வைத்தால் பாதி வியாபாரம் படுத்துவிடும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

இந்தப் பொடி விஷமா என்று கேட்டால், இல்லை. திடகாத்திரமான ஆளுக்குப் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. கடும் நோயாளிகளும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. என் மனஸ்தாபம் வேறு. அது காலத்தைத் தின்கிறது. எங்கள் பெண் ஆறு மாதம் பொடி தின்றது. கல்யாண வீட்டுப் பேச்சுக்குப் பிறகு, அண்ணனோடு சண்டை போடாத குறையாக வற்புறுத்தி ஒரு டாக்டர் அம்மாளிடம் அழைத்துப் போகச் செய்தேன். அந்த அம்மாள் முதலில் கேட்ட கேள்வி, "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?" என்பது. வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி! சினைப்பையில் கோளாறு இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவற்றோடு பருமன் சேர்ந்து வந்திருக்கிறது; ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கிறது. கிருமியைக் கொண்டு கொழுப்பைத் தின்ன வைப்பதாக நம்பிய ஆறு மாதமும் சர்க்கரை தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தினசரி நடையும் ஆகாரத் திருத்தமும் மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. இதில் கவனிக்கத்தக்க விஷயம், அவர்களுடைய எடை சொல்லும்படி இறங்கவில்லை. ஆனாலும் நோய் தள்ளி நின்றது. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். பருமன் மிகவும் மிஞ்சியவர்களுக்கு இக்காலத்தில் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வாரம் ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. 2021-ல் வெளியான பெரிய பரிசோதனையில் அந்த ஊசி 68 வாரத்தில் எடையில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கைக் குறைத்தது. விலை அதிகம், குமட்டல் உண்டு, நிறுத்தினால் எடை திரும்பும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. இவற்றுக்கு நடுவில் அந்த 600 கிராமை வைத்துப் பார்த்தால் அதன் இடம் தெரியும்.

பெண் இப்போது டாக்டர் அம்மாள் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறது. ஆபீஸுக்குப் போகுமுன் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடக்கிறது. சோறு பாதியாயிற்று, பயறும் கீரையும் மீனும் கூடின. மோர் உண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறு கிண்ணம் பழஞ்சியும் உண்டு, மருந்தாக அல்ல, ருசிக்காக. ஏழு மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களை ஒரு வருஷத்துக்கு வரவேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இது அவராகவே எடுத்த தீர்மானம்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையில் அந்த டப்பா இருந்தது. உள்ளே உலர்ந்த காந்தாரி மிளகாய். மைனி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மகள் காதில் விழாத குரலில் சொன்னார்:

"பாத்தியளா தம்பி, அப்பம் தின்ன பொடி இப்பம்தான் வேலை செய்யுது!"